ரெடிமேட் ரோபோ

தி.நகரில் கிடைக்காத பொருளே இல்லை என்பார்கள். ரங்கநாதன் தெருவில் பத்து ரூபாய் ஹேர்பின்னில் ஆரம்பித்து உஸ்மான் ரோட்டில் தங்க ஒட்டியாணம் வரை எல்லாம் உண்டு. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் போதும், நடக்கக்கூட வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டுவிடும். புடவைக்கும் நகைக்கும் சம்பந்தமே இல்லாத இன்னொரு வியாபாரமும் அங்கே பல வருடங்களாக நடக்கிறது. கீழே செருப்புக் கடையோ ஜெராக்ஸ் கடையோ இருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படி. படி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு போர்டு. ஐ.இ.இ.இ. பிராஜெக்ட்ஸ், எம்பெடட், ரோபோட்டிக்ஸ், ரிப்போர்ட் மற்றும் வைவா பயிற்சியுடன்.

ஆமாம் மக்களே, இன்ஜினியரிங் கடைசி வருட பிராஜெக்ட் ரெடிமேடாகக் கிடைக்கும்.

பொங்கல் முடிந்ததும் சீசன் சூடு பிடிக்கும். நான்கு பேர் கொண்ட ஒரு டீம் படியேறி வரும். மேஜை மேல் ஒரு ஃபைல், அதில் தலைப்புகளின் பட்டியல். தரையில் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ, தடை வந்தால் திரும்பிக்கொள்ளும் ரோபோ, செல்போனிலிருந்து ப்ளூடூத் வழியாக ஓட்டும் வண்டி, தீயைக் கண்டால் தண்ணீர் அடிக்கும் வண்டி. பாண்டி பஜாரில் ப்ளாட்பாரக் கடையில் பேரம் பேசுகிற அதே ஸ்டைலில் இங்கேயும் பேரம் நடக்கும். "நாலு பேர் சார், கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க." அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் குறித்த தேதியில் ஒரு அட்டைப்பெட்டி கைக்கு வரும். உள்ளே ரோபோ. கூடவே பைண்ட் செய்த ரிப்போர்ட், ஸ்லைடுகள், எக்ஸ்டெர்னல் என்ன கேட்பார், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேர டியூஷன். தலைப்புப் பக்கத்தில் பெயரும் பதிவு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த நான்கு பேரையும் திட்டுவது ரொம்ப சுலபம். சோம்பேறிகள், இந்தக் காலத்துப் பசங்க, இத்யாதி. ஆனால் திட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'செய்வதா, வாங்குவதா' என்று ஒரு பாடம் வரும். ஒரு கம்பெனிக்கு ஒரு உதிரி பாகம் தேவை. சொந்தமாகச் செய்தால் கூடுதலாக என்ன செலவாகும், வெளியில் வாங்கினால் என்ன விலை என்று பார்க்க வேண்டும். கட்டட வாடகை மாதிரி எப்படியும் ஆகப்போகிற செலவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெளியில் வாங்குவதால் மிச்சமாகும் மெஷின் நேரத்தில் வேறு என்ன சம்பாதிக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலை குறைவு என்றால் வாங்கு. அவ்வளவுதான் பாடம், இதில் சென்டிமென்ட்டுக்கு இடம் கிடையாது.

அந்த நான்கு பேரின் நிலைமையை இதில் போட்டுப் பாருங்கள். காலேஜ் ஃபீஸ் எப்படியும் கட்டியாகிவிட்டது, அது கணக்கில் வராது. சொந்தமாகச் செய்தால் மோட்டார், பேட்டரி, சென்சார், எரிந்து போகிற ஐ.சி.க்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பத்து முறை பஸ், மூன்று மாத மாலை நேரம். இவ்வளவும் செய்து கடைசி நாளில் ஓடாமல் போகிற ரிஸ்க் வேறு. வாங்கினால் ஒரே விலை, நான்கால் வகுத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் நேரத்தில் பிளேஸ்மென்ட்டுக்கு ஆப்டிடியூட் படிக்கலாம், கேட் எழுதலாம். எந்த காஸ்ட் அக்கவுண்டண்டும் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார், வாங்கு என்று. மார்க்கும் பெரும்பாலும் வாங்கினவனுக்குத்தான் கூட வரும், ஏனென்றால் அவனுடைய ரோபோதான் ஓடும்!

கணக்கில் தப்பில்லை. தப்பு, ரோபோவை 'தேவையான பொருள்' என்று எழுதினதில் இருக்கிறது. வைவா முடிந்த மறுநாள் அந்த ரோபோ யாருக்கும் தேவையில்லை. காலேஜுக்கும் வேண்டாம், மாணவனுக்கும் வேண்டாம். அந்த மூன்று மாதத்தில் தயாராகியிருக்க வேண்டியது ரோபோ செய்யத் தெரிந்த நான்கு பேர். ஆனால் தேர்வாளர் அட்டைப்பெட்டியில் உள்ளதை ஓட்டிப் பார்த்து மார்க் போடுகிறார். பெட்டிக்குத்தான் மார்க் என்றால் பெட்டியை விற்க ஒருவர் கடை போடத்தான் செய்வார். அப்படிப் பார்த்தால் அந்த மாடிக்கடைக்கு அஸ்திவாரம் போட்டது தேர்வு முறைதான்.

இந்த இடத்தில்தான் ரோபோ போட்டிக்காரர்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி 1988-ல் மாணவர்களுக்கான ரோபோ போட்டியைத் தொடங்கியது. அது வளர்ந்து, 2002-ல் டோக்கியோவில் ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ரோபோகான் ஆனது. இந்தியாவில் தூர்தர்ஷன் இதில் பங்கேற்கிறது. தேசியச் சுற்று பல வருடங்கள் புனேயில் நடந்தது. இதில் ஒரு அழகான விதி உண்டு. ஒவ்வொரு வருடமும் போட்டியை நடத்தும் நாடு தன் ஊர் விளையாட்டையோ கதையையோ எடுத்து ஒரு புது ஆட்டம் தயாரிக்க வேண்டும். 2008-ல் புனேயில் நடந்தபோது கண்ணன் வெண்ணெய் திருடும் கதைதான் ஆட்டம். நம்ம உறியடியேதான், அடிக்கிற கை மட்டும் அலுமினியத்தில்! உயரத்தில் தொங்கும் பானையிலிருந்து ரோபோ வெண்ணெயை எடுக்க வேண்டும். 2022-ல் புது தில்லியில் நடந்தபோது லகோரி, அதாவது நம்ம தெருக்களில் ஆடுகிற ஏழு கல். ஒரு அணி பந்தெறிந்து கல் அடுக்கைக் கலைத்துத் திரும்ப அடுக்கப் பார்க்கும், எதிரணியின் ரோபோ பந்தால் அடித்து அதைத் தடுக்கும்.

இப்போது மாடிக்கடையை நினைத்துப் பாருங்கள். கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோவை பத்து வருடமாக ஸ்டாக் வைத்து விற்கலாம். ஏழு கல் ஆடும் ரோபோவை எப்படி ஸ்டாக் வைப்பது? அடுத்த வருடம் என்ன ஆட்டம் என்றே தெரியாதே. ஆட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கடை தானாக மூடிக்கொள்ளும். நம்ம ஊரில் பிராஜெக்ட் தலைப்புகள் அண்ணனிடமிருந்து தம்பிக்குச் சட்டை இறங்குகிற மாதிரி வருடா வருடம் இறங்குகின்றன.

இந்த யோசனை எல்லாருக்கும் முதலிலேயே வந்திருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வூடி ஃப்ளவர்ஸ் என்ற பேராசிரியர் 1970-களில் டிசைன் வகுப்பில் என்ன செய்தார் தெரியுமா? எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரி ஒரு மூட்டை சாமான். காயலான் கடையில் கிடைக்கிற மாதிரி துண்டு துக்கடாக்கள்தான். இதை வைத்து இந்த வேலையைச் செய்யும் ஒரு மெஷின் செய், கடைசியில் எல்லார் முன்னாலும் மோத விடு. பணக்கார வீட்டுப் பையனுக்கும் அதே மூட்டைதான். இவர்தான் பிறகு டீன் கேமனோடு சேர்ந்து பள்ளி மாணவர்களுக்கான 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டியை உருவாக்கினார். 1992-ல் அது தொடங்கியபோது ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் 28 அணிகள். சிறுவர்களுக்கான உலக ரோபோ ஒலிம்பியாடில் இன்னும் கறாரான ஒரு விதி நெடுங்காலம் இருந்தது. ரோபோவை அக்கு அக்காகக் கழற்றித்தான் அரங்கத்துக்குள் கொண்டு வரவேண்டும், அங்கேயே உட்கார்ந்து பூட்ட வேண்டும். கோச் அண்ணா வெளியே நின்று நகம் கடிக்கலாம், அவ்வளவுதான். அதோடு விடாமல் அன்று காலையில் ஒரு புது விதியையும் அறிவிப்பார்கள்.

போட்டிக்கு ரோபோ செய்கிற டீமுக்கு என்ன நடக்கிறது? சின்ன உதாரணம் போதும். எல்293டி என்று ஒரு மோட்டார் டிரைவர் ஐ.சி. உண்டு. விலை மலிவு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், பள்ளிக்கூடப் பையன்கள் கூட உபயோகிப்பார்கள். ஒரு சேனலுக்கு 0.6 ஆம்பியர்தான் தாங்கும். போட்டி ரோபோவின் மோட்டார் கொஞ்சம் பெரியது. சுவரில் முட்டிச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் அந்த மோட்டார் அதைப் போல் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஐ.சி. புகையும். ராத்திரி பதினொரு மணிக்கு லேப் முழுக்க அந்த வாடை. இந்த 0.6 டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, செமஸ்டருக்குப் படித்தும் இருப்பார்கள். ஆனால் அந்த வாடை வந்த பிறகுதான் யாராவது ஒருவர் போய் டேட்டா ஷீட்டைத் திறப்பார். அதற்கப்புறம் அந்த டீமில் யாரும் மோட்டார் வாங்கும்போது கரண்ட் எவ்வளவு என்று கேட்காமல் காசு கொடுக்க மாட்டார்கள்.

ரெடிமேட் ரோபோவுக்கும் ஒரு ஐ.சி. எரிந்திருக்கும். ஆனால் அது எரிந்தது மாடிக்கடையில். அங்கே உள் அறையில் சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் இன்ஜினியரிங் முடித்தவர்தான். கேம்பஸில் வேலை கிடைக்காமல் 'கொஞ்ச நாள்' என்று வந்து உட்கார்ந்தவர். ஒரு சீசனுக்கு எத்தனையோ பிராஜெக்ட் செய்து, எரித்து, திருத்தி, ஓட வைக்கிறார். அத்தனை டீம்களும் படிக்க வேண்டியதை அவர் ஒருவரே படித்து முடித்துவிடுகிறார். டிகிரியில் ஃபர்ஸ்ட் கிளாஸ் மட்டும் அவரிடம் காசு கொடுத்தவர்களுக்கு. சம்பளம் என்ன வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, போட்டியில் மட்டும் காசு விளையாடாதா? விளையாடும். ஸ்பான்சர் பிடித்த டீமுக்கு சி.என்.சி.யில் வெட்டிய பாகங்கள் பளபளவென்று வரும். இன்னொரு டீம் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஷாஃப்டைக் கடைந்து வாங்கி வரும். ஆனாலும் 2004-ல் அமெரிக்காவில் நடந்த நீர்மூழ்கி ரோபோ போட்டியை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஃபீனிக்ஸ் நகரத்தின் கார்ல் ஹேடன் பள்ளியிலிருந்து நான்கு பையன்கள், மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியுரிமைக் காகிதம் இல்லாமல் வாழ்ந்தவர்கள். சுமார் 800 டாலர் செலவில், வீட்டுக் குழாய்க்குப் போடும் பி.வி.சி. பைப்பை ஒட்டிச் செய்தார்கள். பசை நாற்றம் தாங்காமல் ரோபோவுக்கு 'ஸ்டிங்கி' என்றே பேர் வைத்தார்கள். போட்டிக்கு முன்னால் உள்ளே தண்ணீர் கசிந்தது. பெண்கள் உபயோகிக்கும் டாம்பனை வாங்கி வந்து கசிகிற இடத்தில் வைத்து, ஈரத்தை உறிஞ்ச விட்டுச் சமாளித்தார்கள். எம்.ஐ.டி. அணியின் பட்ஜெட் இவர்களைப் போல் பத்து மடங்குக்கும் மேல். ஜெயித்தது கார்ல் ஹேடன். ரோபோகானிலும் 2002, 2004, 2006 மூன்று வருடமும் கோப்பை போனது வியட்நாமுக்கு.

எதையுமே வாங்கக் கூடாது என்று சொன்னால் அதுவும் அபத்தம். மோட்டாரை யாரும் வீட்டில் சுற்றுவதில்லை, பேட்டரியை யாரும் காய்ச்சுவதில்லை. எங்கே கோடு போடுவது என்றால், உடைந்தால் நீங்களே சரி செய்ய முடியுமா என்று கேட்டால் போதும். போட்டி அரங்கில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் செயின் அறுந்தால் தி.நகருக்குப் போன் போட முடியாது. மூன்று நிமிட ஆட்டம், டி.வி. கேமரா, எதிரில் இன்னொரு டீம்.

வாங்குகிற பையன்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. லேபில் ஆசிலோஸ்கோப் பூட்டியே கிடக்கும் காலேஜ்கள் எத்தனை! கைடு தன் வாழ்நாளில் ஒரு சர்க்யூட்டும் சாலிடர் செய்ததில்லை என்றால் மாணவன் யாரிடம் போய்க் கேட்பான்? படியேறத்தான் வேண்டும். போட்டிக்குப் போகிற டீமுக்கோ வேறு கஷ்டம். போட்டிக்குப் போய்வந்தால் அட்டெண்டன்ஸ் போகும், இன்டெர்னல் போகும். பல இடங்களில் அந்த ரோபோவைக் கடைசி வருட பிராஜெக்டாக ஏற்றுக்கொள்வதும் இல்லை. அதனால் ஆறு மாதம் ராப்பகலாக ஒரு நிஜ ரோபோ செய்த பையன், மார்ச் மாதத்தில் நேரமில்லாமல் தி.நகர் வந்து ஒரு பொம்மை ரோபோ வாங்குகிற கூத்தும் நடக்கத்தான் செய்யும்.

இதைச் சரி செய்யக் கோடிக்கணக்கில் நிதி வேண்டாம். போட்டி ரோபோவைப் பிராஜெக்டாக ஏற்றுக்கொள்ளலாம். டிபார்ட்மெண்ட் முழுக்க ஒரே மூட்டை சாமான் கொடுத்து டிசம்பரில் ஒரு புது ஆட்டம் அறிவிக்கலாம். பல்லாங்குழி ஆடும் ரோபோ, கோலப் புள்ளி வைக்கும் ரோபோ என்று நம்மிடம் ஆட்டத்துக்கா பஞ்சம்? எதுவுமே முடியாது என்றால், வைவாவில் எக்ஸ்டெர்னல் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். ரோபோ ஓடி முடித்ததும் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் மல்டிமீட்டரையும் கையில் கொடுத்து, "பதினைந்து நிமிஷம், ஓட வைங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

(ஒரு சின்ன விண்ணப்பம், காமர்ஸ் மக்கள் சார்பில். மாணவர்கள் ரேஸ் கார் செய்யும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியில் மொத்தம் 1000 மதிப்பெண்ணில் 100 செலவுக் கணக்குக்கு. ரோபோ டீம்களும் பில்லைத் தொலைக்காமல் இருக்க ஒரு பி.காம். ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். சாலிடரிங்கும் சொல்லிக் கொடுத்தால் சந்தோஷம்.)

போட்டி முடிந்த ரோபோ ரொம்ப நாள் உயிரோடு இருக்காது. ஊர் திரும்பியதும் ஜூனியர்கள் மோட்டாரைக் கழற்றிவிடுவார்கள், பிறகு பேட்டரி, பிறகு சக்கரம். அடுத்த ஆட்டத்துக்கு வேண்டுமே. கடைசியில் மூலையில் ஒரு அலுமினியச் சட்டம் மட்டும் நிற்கும், அதில் யாரோ துண்டு காயப் போட்டிருப்பார்கள். மாடிக்கடை ரோபோவோ புதுசு மாதிரியே இருக்கும். சீனியர் பாதி விலைக்குத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்த பொங்கல் முடிந்ததும் வேறு நான்கு பேர் படியேறி வருவார்கள். ரிப்போர்ட்டுக்கு அட்டை என்ன கலர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார்.