பூசியபின் வேலை என்ன?

திருவனந்தபுரத்தில் கன்வென்ஷன் காலம் வந்துவிட்டால் மதிலுக்கு மதில் அபிஷேகச் சுவரொட்டிதான். கோட்டு சூட்டில் ஒருவர் மைக் பிடித்து நிற்பார். பெயருக்கு முன்னால் ‘அபிஷேகம் பெற்ற’ என்று ஓர் அடைமொழி. அவர் மேடையேறினால் நோய் போகும், கடன் தீரும், விசா கிடைக்கும்.

இந்த ஊரில் அபிஷேகம் ஒரே மாதிரி நடப்பதும் இல்லை. பட்டத்திலுள்ள மலங்கரை கத்தோலிக்கப் பேராலயத்தில் ஞானஸ்நானத்தோடேயே கைக்குழந்தைக்கு மூறோன் தைலம் பூசிவிடுவார்கள். பாளையம் புனித யோசேப்பு பேராலயத்தில் இலத்தீன் முறை. உறுதிபூசுதலுக்குப் பிள்ளை வளர்ந்து, மறைக்கல்வி படித்து வரவேண்டும். அங்கிருந்து நடந்தே போய்விடலாம் எல்.எம்.எஸ். வளாகத்து மெட்டீர் நினைவு ஆலயத்துக்கு. அது சி.எஸ்.ஐ.; திடப்படுத்தலின்போது பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். பெந்தெகொஸ்தே சபைகளிலோ, அந்நிய பாஷை பேசினால்தான் ‘அபிஷேகம் கிடைத்தது’ என்பார்கள்.

எனக்கு எண்ணெயும் முறையும் பெரிதாகப் படவில்லை. பூசியாயிற்று, இனி வேலை என்ன என்பதுதான் கேள்வி.

பெத்லகேமில் சாமுவேல் தலையில் எண்ணெய் ஊற்றியபோது தாவீது ஆடு மேய்க்கும் பையன். ஊற்றிய கையோடு கிரீடம் வரவில்லை. திரும்பவும் ஆட்டு மந்தைக்குத்தான் போனான். பிறகு சவுலுக்குப் பயந்து குகை குகையாக ஒளிந்து திரிந்தான். நாசரேத்து ஜெபக்கூடத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்த இயேசு, தாம் அபிஷேகம் செய்யப்பட்டது எதற்காக என்று ஊரறியச் சொன்னார். ஏழைகள், சிறைப்பட்டவர்கள், பார்வையற்றவர்கள், ஒடுக்கப்பட்டவர்கள் என்று எல்லாமே பிறர் காரியம். தமக்கென்று அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கே ஊரார் அவரை மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981இல் தொடங்கிய ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இன்றும் நோயாளிகள் வருகிறார்கள். பக்கத்து லாட்ஜ் அறை ஒன்றில் குளச்சல் பக்கத்து மீனவர் ஒருவர் தங்கியிருந்தார்; மறுநாள் அவருக்கு ஆபரேஷன். பார்க்க வந்த ஃபாதர் எண்ணெய்ச் சிமிழை எடுத்ததும் மீனவரின் மனைவி பதறினார்: “வேண்டாம் ஃபாதர், அவரு பயந்துருவாரு.” பயம் நியாயமானது. அந்தத் தலைமுறைக்கு அது அவஸ்தைப்பூசுதல், உயிர் போகிற நேரத்துச் சடங்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தியமைத்தார். சாகக் கிடக்கும்வரை காத்திருக்க வேண்டாம், கடுமையான நோயென்றாலே பூசலாம் என்றானது. ஒலிவ எண்ணெய் கிடைக்காவிட்டால் வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்றார். தேங்காயெண்ணெய்க்கும் தடையில்லை.

“இது சாகுறதுக்கில்லம்மா, சொகமாகுறதுக்கு” என்றார் ஃபாதர். சிமிழுக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சு. கட்டைவிரலால் தொட்டு நெற்றியில் ஒரு சிலுவை, இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்று. சிமிழை மூடிப் பைக்குள் போட்டவர், “நாளைக்கு ரத்தம் குடுக்க ஆள் இருக்கா?” என்று கேட்டார். இல்லை. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து போன் போட்டு இரண்டு பையன்களைப் பிடித்துவிட்டுத்தான் எழுந்தார். குருப்பட்டத்தன்று ஆயர் கிறிஸ்மா எண்ணெய் பூசியது அந்தக் கைகளில்தான். ரத்தத்துக்கு ஆள் தேடியதையும் சேர்த்துத்தான் நான் அபிஷேகம் என்பேன்.

அதே கிறிஸ்மா, பூந்துறையில் ஞானஸ்நானம் பெறும் மீனவர் வீட்டுக் குழந்தையின் உச்சந்தலையிலும் பூசப்படுகிறது. விசுவாசிகள் எல்லாருமே அபிஷேகம் பெற்றவர்கள் என்றுதான் யோவானின் முதல் நிருபமும் சொல்கிறது. ஆனால் காணிக்கைக் கணக்கைக் கேட்டால் சிலர் உடனே 105ஆம் சங்கீதத்தைக் கேடயமாகத் தூக்குகிறார்கள்: கர்த்தர் அபிஷேகம் செய்தவரைத் தொடாதே! அந்தச் சங்கீதம் பேசுவது, சொந்தமாக நிலமில்லாமல் நாடுவிட்டு நாடு அலைந்த ஆபிரகாம் குடும்பத்தைப் பற்றி. எளியவருக்குக் கொடுத்த காவல் அது. மேடைக்காரருக்குக் கொடுத்த விதிவிலக்கல்ல.

ராஜாவான பிறகு தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டபோது, நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கே போய் முகத்துக்கு நேரே கேட்டார். தாவீதின் தலையிலும் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. அதைச் சொல்லி அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார்.