உரிம அட்டை மட்டும் போதாது: ஓட்டுநர் பதிவை அறிவது எப்படி?

புது தில்லி: ஓட்டுநர் பணிக்கு விண்ணப்பிப்பவரிடம் போக்குவரத்து வழக்குகள் குறித்துக் கேட்டால், உரிம அட்டையைக் காட்டுவதே பெரும்பாலும் பதிலாக அமைகிறது. ஆனால், வாகனம் ஓட்டும் தகுதியை மட்டுமே அந்த அட்டை உறுதி செய்யும். அவர் எவ்வாறு ஓட்டினார் என்பதைத் தெரிவிக்காது.

இந்தியாவில் ஓட்டுநர் பதிவு ஒரே ஆவணமாக இல்லை. உரிம விவரங்கள் 'சாரதி' தரவுத்தளத்திலும், வாகன விவரங்கள் 'வாகன்' தரவுத்தளத்திலும், அபராதங்கள் 'இ-சலான்' தளத்திலும் பராமரிக்கப்படுகின்றன.

உரிமப் பதிவைப் பெற, 'பரிவாகன்' இணையதளத்தின் சாரதி பிரிவில் மாநிலத்தைத் தேர்வு செய்து, உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் அளித்து, 'எக்ஸ்ட்ராக்ட்' எனப்படும் பதிவு விவரத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

அபராதங்களை அறிவதில்தான் குழப்பம் நேர்கிறது. கண்காணிப்புக் கேமரா பதிவு செய்வது வாகன எண்ணையே என்பதால், அபராதம் உரிமையாளருக்குச் செல்கிறது. மகன் ஓட்டியதற்கான அபராதம் தந்தையின் பெயரில் நிலுவையில் இருக்கக்கூடும். எனவே, இ-சலான் தளத்தில் உரிம எண், வாகன எண் இரண்டையும் தனித்தனியே அளித்துத் தேட வேண்டும். தெலங்கானா, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் இதற்கெனத் தனித் தளங்களும் உள்ளன.

இந்தப் பதிவின் முக்கியத்துவம், குற்றம் மீண்டும் நிகழும்போது புலப்படும். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, குடிபோதையில் வாகனம் ஓட்டினால் முதல் முறை ரூ.10,000 அபராதமோ, 6 மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை இது ரூ.15,000 ஆகவும், 2 ஆண்டுகள் வரையாகவும் உயர்கிறது. இத்தகைய குற்றங்களுக்காக உரிமம் கைப்பற்றப்பட்டால், முதல் முறை 3 மாதத் தகுதிநீக்கமும், அடுத்த முறை உரிம ரத்தும் நேரிடலாம். விளக்கமளிக்க வாய்ப்பு அளித்த பின்னரே அதிகாரி இந்த உத்தரவைப் பிறப்பிக்க முடியும். உத்தரவைப் பெற்ற 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தகுதிநீக்கமும் ரத்தும் கால வரிசைப்படி இணையதளத்தில் பதியப்பட வேண்டும் என்ற விதி, 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனவே, அட்டையில் இல்லாத தகவலும் அதிகாரிகளின் பார்வையில் இருக்கும்.

வாகனத்தை விற்றவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பெயர் மாற்றம் நிறைவடையாதவரை, வாங்கியவர் செய்யும் விதிமீறலுக்கான அபராதமும் விற்றவரையே தேடி வரும். ஆகவே, விற்ற வண்டியின் எண்ணையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.