எத்தனை கோல் போட்டே?

மேட்ச் முடிஞ்சு செம்மண் ஒட்டின முழங்காலோட வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எங்க ஆயா கேட்கிற முதல் கேள்வி இதுதான். "எத்தனை கோலுடா போட்டே?" மூணு வருஷமா ஒரே கேள்வி, மூணு வருஷமா ஒரே பதில். "ஒண்ணும் போடலை ஆயா." உடனே ஒரு உச்சுக்கொட்டல். அப்புறம், "சரி சரி, கை கால் கழுவிட்டு வா, பணியாரம் இருக்கு" என்கிற ஆறுதல்.

நான் ரைட் பேக் ஆடுகிறவன். கோல் போடுவது என் வேலை இல்லை. எதிரணிக்காரன் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இதை ஆயாவுக்குப் புரிய வைக்க எவ்வளவோ முயற்சி செய்தாகிவிட்டது. போகட்டும், அவங்களுக்கு எண்பது வயசு. ஆனா கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், அணி தேர்வு செய்கிறவர்கள் எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அந்த வருத்தத்தின் விளைவே இந்தப் பதிவு.

முதலில் ஒருத்தரைப் பற்றிச் சொல்லணும். ஜர்னைல் சிங். இந்தியா பெற்ற டிஃபெண்டர்களில் மிகச் சிறந்தவர் யார் என்று விவரம் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். 1936-ல் பிறந்தவர். பிரிவினையில் ஊரை விட்டுச் சிறு பையனாக இந்தப் பக்கம் வந்த குடும்பம். பஞ்சாபில் கல்லூரி அணியில் ஆடி, 1959-ல் கல்கத்தா போய் மோகன் பகான் சட்டை போட்டவர், சுமார் பத்து வருஷம் அதைக் கழற்றவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடினார். 1964-ல் அர்ஜுனா விருது. 1965 முதல் 67 வரை இந்தியாவுக்குக் கேப்டன். ஆசிய ஆல் ஸ்டார் அணிக்கும் கேப்டனாக இருந்தார். 2000-ல் கனடாவில் வான்கூவரில் காலமானார்.

இத்தனையும் இருந்தும், அவர் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது என்ன தெரியுமா? அவர் அடித்த கோல்!

1962, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று இந்தியா தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ஜர்னைலுக்குத் தலையில் அடி, தையல் போட வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் ரஹீம் சாகிப் (இவருக்கு அப்போது நுரையீரல் புற்றுநோய், அடுத்த வருஷமே காலமாகிவிட்டார்) என்ன செய்தார் என்றால், தையலோடு இருந்த இந்த டிஃபெண்டரைக் கொண்டுபோய் முன்வரிசையில் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று ஜெயித்தோம், அதில் ஜர்னைல் ஒன்று. செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டம், மறுபடியும் தென்கொரியா. சுமார் ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கம், முக்கால்வாசிப் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறார்கள் (இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை நம் நாட்டு அதிகாரி ஒருவர் விமர்சித்ததால் வந்த கோபம்). பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்கு அதன்பிறகு தங்கம் வரவே இல்லை.

நல்ல கதைதான். எனக்கும் பிடித்த கதைதான். 'மைதான்' என்று 2024-ல் அஜய் தேவ்கன் நடித்து இந்திப் படமாகவே வந்துவிட்டது.

ஆனா ஒரு கேள்வி. தென்கொரியாவிடம் முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் வாங்கிய அதே இந்தியா, இறுதி ஆட்டத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. அந்த ஒன்றும் கடைசி ஐந்தாறு நிமிடத்தில் விழுந்தது. அதுவரைக்கும் கொரியாக்காரனைத் தடுத்து வைத்தது யார்? ஜர்னைல்தான் முன்னால் போய்விட்டாரே, பின்னால் நின்றது யார்? அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங். கோலில் பீட்டர் தங்கராஜ். நம்ம மதராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்தவர் என்பதால் தங்கராஜ் பெயராவது நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மற்ற மூன்று பேர்? நானே போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

ஆக, பத்து வருஷம் தடுத்தவரை அவர் அடித்த இரண்டு கோலுக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு கோலுக்குப் பின்னால் நின்று தடுத்தவர்களை ஞாபகமே வைத்துக்கொள்ளவில்லை.

இது அந்தக் காலத்துக் கதை, இப்போ எல்லாம் மாறிவிட்டது என்பீர்கள். எங்கே மாறியது? 2018 மார்ச் 17, ஐஎஸ்எல் இறுதி ஆட்டம், பெங்களூருவில். நம்ம சென்னையின் எஃப்சி 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. ஆட்ட நாயகன் மெயில்சன் ஆல்வெஸ். பிரேசில்காரர், சென்டர் பேக். எதற்காக? தலையால் முட்டி இரண்டு கோல் போட்டதற்காக. அந்த சீசன் முழுக்க அவருக்குப் பக்கத்தில் நின்று தோள் கொடுத்த ஹென்ரிக் செரெனோ என்ற போர்ச்சுகீசியர் இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறார்? டிஃபெண்டருக்குப் பரிசு வேணும்னா அவன் தன் வேலையை விட்டுட்டு அடுத்தவன் வேலையைச் செய்யணும் போல!

உலக அளவிலும் இதேதான். பலோன் தோர் விருது 1956-லிருந்து கொடுக்கிறார்கள். அதை வாங்கிய டிஃபெண்டர்கள் மூன்றே பேர். பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ. கன்னவாரோ வாங்கியது 2006-ல், அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. 2019-ல் வான் டைக் கிட்டத்தட்டத் தொட்டார், ஏழே புள்ளியில் மெஸ்ஸியிடம் போய்விட்டது. உலகக் கோப்பையில் அதிகக் கோல் அடித்தவனுக்குத் தங்கக் காலணி உண்டு, கோல் கீப்பருக்குத் தங்கக் கையுறை உண்டு, இளம் வீரனுக்கும் தனிப் பரிசு உண்டு. டிஃபெண்டருக்கு? பெப்பே.

நான் பி.காம் படிக்கிறவன், அதனால் இதைக் கணக்குப் பாஷையில் யோசிக்கிறேன். அடித்த கோலுக்கு வவுச்சர் இருக்கிறது: நிமிஷம், பெயர், போட்டோ. தடுத்த கோலுக்கு வவுச்சர் கிடையாது. நடக்காத ஒன்றை எந்தப் பேரேட்டில் எழுதுவது? ஆனா அதே கணக்குப்பதிவியலில் முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒன்று சொல்லித் தருகிறார்கள். வராத லாபத்தைக் கணக்கில் எடுக்காதே, வரக்கூடிய நட்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று பிளஸ் ஒன்னிலேயே போட்டுப் பழகியிருப்போமே, அதுதான். ஒரு நல்ல டிஃபெண்டர் தொண்ணூறு நிமிஷமும் செய்வது இந்த ஒதுக்கைத்தான். பந்து வருவதற்கு முன்னாலேயே அது வரக்கூடிய இடத்தில் போய் நிற்கிறான். அவன் நிற்பதைப் பார்த்து எதிராளி அந்தப் பக்கம் பாஸ் கொடுப்பதையே விட்டுவிடுகிறான். பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? "இவன் சும்மா நிக்கிறான்பா."

கிரிக்கெட்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மை விடப் புத்திசாலிகள். மெய்டன் ஓவர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஆறு பந்தில் பவுலர் ஒரு ரன் கூட விடவில்லை என்பதை எண்ணி, ஸ்கோர் கார்டில் அதற்கென்று தனிக் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். நடக்காத ஒன்றுக்கு அங்கே கணக்கு இருக்கிறது. கால்பந்திலும் கிளீன் ஷீட் உண்டு, ஆனா அதையும் தூக்கி கோல் கீப்பர் பெயரில்தான் எழுதுகிறோம்.

வரவுப் பக்கம் இப்படி. செலவுப் பக்கம் மட்டும் டிஃபெண்டரின் பெயர் பளிச்சென்று இருக்கும்! சைலன் மன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-லிருந்து 1960 வரை மோகன் பகானில் ஆடிய டிஃபெண்டர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன். 1971-ல் பத்மஸ்ரீ. ஆனா 1948 லண்டன் ஒலிம்பிக் கதை வரும்போதெல்லாம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது எது? பிரான்சுக்கு எதிராக இந்தியா தவறவிட்ட இரண்டு பெனால்டிகளில் ஒன்று அவருடையது என்பது. வெறுங்காலோடு பலர் ஆடிய அந்த அணி, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோல் வாங்கி 1-2 என்று தோற்றது. அதுவரை பிரான்சை மறித்து நின்றதை யாரும் எழுதுவதில்லை, பெனால்டி வெளியே போனதை மட்டும் எழுதுகிறார்கள்.

இங்கிலாந்திலாவது மதிக்கிறார்களா என்று பார்த்தால், டேனி பாத் என்று ஒருவர் இருக்கிறார். அப்பா வழியில் பஞ்சாபி வேர், சென்டர் பேக். வுல்வ்ஸ் கிளப்பிலேயே சின்ன வயதிலிருந்து வளர்ந்து கேப்டன் ஆனவர். 2014-ல் மூன்றாம் நிலையிலிருந்து அந்த கிளப் சாம்பியனாக மேலே ஏறியது, 2018-ல் இரண்டாம் நிலையிலிருந்தும் அப்படியே. இரண்டு அணியிலும் இவர் உண்டு. பிரீமியர் லீக் வந்ததும் என்ன ஆயிற்று? மிடில்ஸ்பரோவுக்குக் கடன் கொடுத்தார்கள், 2019 ஜனவரியில் ஸ்டோக்குக்கு விற்றார்கள். அவர் சோர்ந்து போகவில்லை. 2022-ல் சண்டர்லாண்ட் அணியை மேலே ஏற்றியவர்களில் ஒருவராக வெம்ப்ளியில் நின்றார். இப்படி ஒரு மனுஷனின் முழு வாழ்க்கையே ஏணி பிடிப்பதில் போயிருக்கிறது. நியாயமாகச் சொன்னால், பெரிய ஆட்டத்துக்கு இன்னும் வேகமான ஆள் வேண்டும் என்று கிளப் நினைத்திருக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனா ஏறினவன் ஏணியைத் திரும்பிப் பார்க்கக் கூடாதா?

இப்போ எதிர்க்கேள்விக்கு வருகிறேன். "தம்பி, கோல் விழுந்தால்தானே ஆட்டம்? ஜனங்க கோல் பார்க்கத்தான் வராங்க." உண்மை, மறுக்கவில்லை. நானே டிவியில் ஹைலைட்ஸ் பார்க்கும்போது கோலைத்தான் தேடிப் போகிறேன். ரசிகன் அப்படி இருக்கட்டும். ஆனா தேர்வு செய்கிறவனும் ரசிகனைப் போலவே இருக்கலாமா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன வருஷம் ஒரு தேர்வுக்குப் படிவம் கொடுத்தார்கள் (எங்கே என்பது வேண்டாம்). பெயர், வயது, உயரம், எடை, அப்புறம் 'அடித்த கோல்கள்'. அவ்வளவுதான். ஆடும் இடம் எது என்று கேட்கக் கூட ஒரு கட்டம் இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன். பக்கத்தில் ஓரமாகப் பென்சிலில் "ரைட் பேக்" என்று எழுதினேன். கூப்பிடவில்லை. என் ஆட்டம் போதாமல் இருந்திருக்கலாம், அதைத் தைரியமாக ஒத்துக்கொள்கிறேன். ஆனா ஆட்டத்தைப் பார்த்து ஒதுக்கியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. அந்தக் காகிதம் பலருக்கு வெறும் காகிதம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மேல்படிப்பு சீட், அதை வைத்து ஒரு வேலை என்று கனவு காண்கிற பையன்கள் என் அணியிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பேக் ஆடுகிறவர்கள். அவர்களும் பூஜ்யம்தான் எழுதுவார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர் டோர்னமெண்ட் நடத்துகிற அண்ணன்களே, அதிகக் கோல் அடித்தவனுக்குக் கொடுக்கிற கோப்பையில் பாதி உயரத்துக்கு ஒன்று வாங்கி 'சிறந்த தடுப்பாளர்' என்று எழுதிக் கொடுங்கள். தேர்வுப் படிவத்தில் ஆடும் இடம் என்று ஒரு கட்டமும், அவன் ஆடியபோது அணி வாங்கிய கோல்கள் என்று ஒரு கட்டமும் சேருங்கள். கடைசி எண் முழு உண்மையைச் சொல்லாதுதான், ஆனா வெறும் பூஜ்யத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லும்.

எங்க ஊர்ப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் நிலைவாசலையும் படம் எடுத்துத் தள்ளுவார்கள். மேலே ஓட்டை யாரும் எடுப்பதில்லை. ஓடு ஒழுக ஆரம்பித்த வீடுகளில் தூணும் நிலையும் என்ன கதிக்கு ஆளாகியிருக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அதனால மக்களே, அடுத்த தடவை வீட்டுப் பையனோ பொண்ணோ மேட்ச் முடிஞ்சு வந்தா, "எத்தனை போட்டே?" என்று கேட்ட கையோடு "எத்தனை விடாம பார்த்துக்கிட்டே?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிஸ்கி: எங்க டீம் ஃபார்வர்டுகள் யாரும் மனசு கஷ்டப்பட வேண்டாம். நீங்க கோல் போடாம நாங்க பின்னாடி எவ்வளவு தடுத்தாலும் 0-0 தான். அதுவும் எனக்குத் தெரியும்.