மூன்றாவது கையெழுத்து

வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு அரசியல் தெரியும். ஒரு செக் செல்லுமா செல்லாதா என்பதை அதில் எழுதியிருக்கிற தொகை தீர்மானிப்பதில்லை, கையெழுத்துதான் தீர்மானிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமக் கிளையில் வேலை பார்த்தேன். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்க இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் தலைவர், நம்ம ஆள். இன்னொருவர் துணைத் தலைவர், ஊர்க்காரர். செக் புத்தகம் துணைத் தலைவரின் பையில் இருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நீட்டுவார். தலைவர் நின்றபடியே கவுன்டர் விளிம்பில் வைத்துப் போடுவார். 'உக்காருங்கண்ணே' என்றேன் ஒருநாள். 'இருக்கட்டும் தம்பி, சீக்கிரம் முடிச்சிக் குடுங்க' என்றார். இரண்டு கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பாஸ் பண்ணினேன்.

அந்தச் 'சரி' இன்றுவரை உறுத்துகிறது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே செக்கில் கையெழுத்துப் போடவேண்டும் என்கிறது. பணம் தனி ஒருவர் கையில் சிக்கக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் தனித்தொகுதி ஊராட்சியில் இந்த இரண்டாவது கையெழுத்து சாதியின் கையில் பூட்டாக மாறுகிறது. துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் தலைவரால் தெருவிளக்குக்கு ஒரு பல்பு வாங்க முடியாது.

அரசியல் பாடப் புத்தகங்கள் மூன்று சொற்களைப் பிரித்துச் சொல்லும். அடுத்தவனை அவன் விருப்பத்துக்கு எதிராகவும் பணிய வைக்க முடிந்தால் அது ஆதிக்கம். பதவியின் பேரால், சட்டத்தின் பேரால் ஆணையிடும் உரிமை அதிகாரம். அந்த ஆணை நியாயமானது, கீழ்ப்படியத் தக்கது என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வது ஏற்புடைமை. ஒரு ஆணை எதனால் ஏற்கப்படுகிறது என்று கேட்ட மாக்ஸ் வெபர் 1919-ல் மூன்று காரணங்களைச் சொன்னார்: காலங்காலமான வழக்கம், தனிமனிதரின் வசீகரம், சட்டம். நம் கிராமங்களில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே நாற்காலிக்காக அடித்துக்கொள்கின்றன.

இந்தச் சண்டைக்குத் தமிழிலேயே ஒரு சொல் இருக்கிறது. காசு செல்லும், செக் செல்லும், ஓட்டு செல்லும். ஒருவன் பேச்சு கேள்வி இல்லாமல் எடுபட்டால் அவனுக்குச் செல்வாக்கு. அதாவது செல்கிற வாக்கு. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் நமக்கு வாக்கையும் பதவியையும் தந்தது. செல்வாக்கை ஊர் தன்னிடமே வைத்துக்கொண்டது.

மேலவளவை நினைத்துப் பாருங்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்புக்கும் தடங்கலுக்கும் நடுவில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ல் மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவரும் துணைத் தலைவர் மூக்கனும் மற்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துப் போனார்கள். எதற்காக? அவர் பதவி வெறும் காகிதம் என்றால் அரிவாள் எதற்கு? அது செல்லத் தொடங்கிவிடும் என்கிற பயம்தான். ஏற்புடைமை கழன்று போகிற இடத்தில்தான் ஆதிக்கம் அரிவாளைத் தூக்குகிறது. வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. அதுவும் ஒரு கையெழுத்துதான்.

பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் அரிவாளுக்கு வேலை இருக்கவில்லை. 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் தேர்தலே நடக்கவிடவில்லை. யாரையாவது நிறுத்தினாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. அந்தப் பத்து வருடமும் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? பேச்சுவார்த்தை. சட்டத்தை ஒரு பக்கமும் சாதியை எதிர்ப்பக்கமும் உட்கார வைத்து இரண்டுக்கும் டீ கொடுத்தார்கள். சட்டத்தை மீறுகிறவனைக் குற்றவாளி என்று அழைக்காமல் 'ஒரு தரப்பு' என்று அழைத்த நிமிடத்திலேயே அரசு சாதிக்கு ஏற்புடைமை வழங்கிவிட்டது.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு 2020-ஐ ஞாபகப்படுத்துகிறேன். ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியாகி, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டைப் படம் வந்தது. கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், தலைவர் தரையில். 2022 ஆகஸ்டில் பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யச் சொல்லி ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அரிவாளைவிட அந்தத் தரைதான் அதிகம் பயமூட்டுகிறது. அங்கே யாரும் கத்தியைக் காட்டவில்லை. கூட்டம் நடந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அங்கேதான் மூன்றாவது கையெழுத்து விழுகிறது. தலைவர் ஒன்று போடுகிறார், துணைத் தலைவர் ஒன்று போடுகிறார். சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற எழுத்தரும் அதிகாரியும் பாஸ் பண்ணுகிற கிளார்க்கும் போடுவது மூன்றாவது. ஏற்புடைமை என்பது வானத்திலிருந்து இறங்குவதல்ல. அது இந்த மூன்றாவது கையெழுத்துகளின் கூட்டுத்தொகை. அன்றைக்கு நானும் ஒன்று போட்டேன்.

நான் இதை எழுதுகிற இரும்புலியூர் இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. 2022-ல் தாம்பரம், சென்னை இரண்டிலும் மேயர் நாற்காலி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் யாரும் தரையில் உட்காரச் சொல்வதில்லை. ஆனால் மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நாற்காலியை ஒதுக்கீடு தருகிறது, பேரைக் கட்சித் தலைமை தருகிறது. இது இன்று நேற்று வந்த சிக்கலல்ல. 1932 செப்டம்பர் 24-ல் பூனாவில் இரட்டை வாக்குரிமையைப் பறிகொடுத்த நாளிலிருந்து நம் பிரதிநிதி செல்லுவாரா என்பதை நாம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அரசியலில் சமத்துவம், சமூக வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்கிற முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று 1949 நவம்பர் 25-ல் அண்ணல் எச்சரித்தார். அந்த முரண்பாட்டில்தான் நாம் குடித்தனம் நடத்துகிறோம்.

அதற்காகப் 'பதவியே வேண்டாம், எல்லாம் பொம்மை' என்று ஒதுங்கிக்கொள்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொம்மை என்றால் முருகேசனைக் கொன்றிருக்க மாட்டார்கள். அதே மூச்சில் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்தல் வரை போஸ்டர் ஒட்டுகிறோம். ஜெயித்த மறுநாள் அந்த மனுசனை ஊருக்குள் தனியாக அனுப்பிவிட்டு வந்துவிடுகிறோம். முதல் கூட்டத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நின்றோம்?

2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, ஊராட்சியிலோ நகராட்சியிலோ பதவி வகிக்கும் தலித்தை மிரட்டியோ தடுத்தோ வேலை செய்யவிடாமல் ஆக்குவது குற்றம். மாணவத் தோழர்களே, இந்தப் பிரிவைப் படித்துவிட்டு ஊருக்குப் போங்கள். கிராமசபையில் தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். செக் புத்தகம் யார் பையில் இருக்கிறது என்று கேளுங்கள். சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் 'புகாரைப் பதிவு பண்ணுங்க, அப்புறம் பேசலாம்' என்று சொல்லுங்கள்.

ஆதிக்கத்தின் செக் இத்தனை காலம் செல்லுபடியானதற்குக் காரணம் அதன் கணக்கில் பணம் இருந்தது மட்டுமல்ல. கவுன்டரில் இருந்தவர்கள் கேள்வி கேட்காமல் பாஸ் பண்ணியதும்தான். தலைவர் நின்றுகொண்டிருக்கும்வரை நாமும் உட்கார வேண்டாம், பேனாவைத் திறக்கவும் வேண்டாம்.