சட்டகத்துக்கு வெளியே நிற்கும் அமெரிக்கா

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து 2026 ஜூலை 4-ஆம் தேதியுடன் 250 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அதையொட்டி ஊடகங்களை நிறைக்கும் படங்கள் எவை என்பதை ஊகிப்பது கடினமல்ல: சுதந்திர தேவி சிலை, ரஷ்மோர் மலை, நட்சத்திரக் கொடி. இந்தச் சின்னங்களைப் பலமுறை படமெடுத்தவன் என்ற முறையில், ஒவ்வொரு முறையும் அவற்றில் எது விடுபடுகிறது என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

நியூயார்க் துறைமுகத்தில் 1886-இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவியின் காலடியில் அறுபட்ட சங்கிலி ஒன்று கிடக்கிறது. சிலைக்கான யோசனையை முன்வைத்த பிரெஞ்சு அறிஞர் லபூலே அடிமைமுறையை எதிர்த்தவர். ஆனால், பீடத்தின் உயரமும் அங்கியின் மடிப்புகளும் அச்சங்கிலியைக் கீழே நிற்பவரின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றன. படகிலிருந்து எடுக்கும் படங்களில் தீப்பந்தமே விழுகிறது.

தெற்கு டகோட்டாவின் ரஷ்மோர் மலையில் நான்கு அதிபர்களின் முகங்கள் தென்கிழக்கு நோக்கியுள்ளன. காலை வெயிலில் அவை பொலிகின்றன. அந்த மலைப்பகுதி லகோட்டா மக்களுக்கு உரியது என 1868-ஆம் ஆண்டு ஒப்பந்தம் உறுதியளித்தது. பின்னர் அங்கே தங்கம் கிடைத்தது. 1877-இல் நிலம் பறிக்கப்பட்டது. அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. லகோட்டா மக்களோ பணத்தை ஏற்க மறுத்து, நிலத்தையே கேட்கிறார்கள். எந்த வெளிச்சத்தில் எடுத்தாலும் பாறையில் இந்த வழக்கு தெரியாது. அதைச் சொல்ல ஒரு தகவல் பலகை தேவைப்படுகிறது.

அந்தப் பலகைகள்தாம் இன்றைய சர்ச்சையின் மையம். வரலாற்றுத் தலங்களில் அமெரிக்கர்களை இழிவுபடுத்தும் வாசகங்கள் இடம்பெறக் கூடாது என்ற நோக்கில் அதிபர் டிரம்ப் 2025 மார்ச்சில் ஆணை பிறப்பித்தார். அத்தகைய வாசகங்களைக் கண்டால் தெரிவிக்குமாறு தேசியப் பூங்காக்களில் பார்வையாளர்களுக்கு அறிவிப்புகளும் வைக்கப்பட்டன. நாட்டின் சாதனைகளைக் கொண்டாட வேண்டும் என்ற விருப்பத்தில் தவறில்லை. ஆனால், விளக்கம் அகற்றப்பட்ட சின்னம் வெறும் அலங்காரமாகச் சுருங்கிவிடும்.

தன்னைத் தானே விமர்சித்துக்கொள்ளும் மரபும் அமெரிக்காவுக்கு உண்டு. 1942-இல் வாஷிங்டன் அரசு அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்த எல்லா வாட்சன் என்ற கறுப்பினப் பெண்ணை, துடைப்பத்துடன் தேசியக் கொடியின் முன் நிறுத்திப் படமெடுத்தார் கார்டன் பார்க்ஸ். அவர் அப்போது அரசின் புகைப்படத் திட்டத்தில் பணியாற்றியவர். அதே ஆண்டில் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டதை அரசுக்காகப் பதிவு செய்தவர் டோரத்தியா லாங். அவருடைய படங்கள் பலவற்றைப் போர்க்காலம் முழுவதும் ராணுவம் முடக்கி வைத்தது. ஆயினும் அவை அழிக்கப்படவில்லை. இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அந்தக் கொடுமைக்காக அமெரிக்கா 1988-இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கியது. இதனால் அந்நாட்டின் பெருமை குறைந்துவிடவில்லை.

கேமராவின் சட்டகத்துக்கு எல்லை உண்டு. எல்லாவற்றையும் அது அடக்க இயலாது. விடுபட்டதைச் சொல்லும் பொறுப்பு படக்குறிப்புக்கும், தகவல் பலகைக்கும், பாடநூலுக்கும் உரியது. அவற்றையும் மௌனமாக்கிவிட்டால், 250-ஆம் ஆண்டு விழாவில் அழகான படங்கள் எஞ்சும். அவை எந்த நாட்டின் கதை என்பது அடுத்த தலைமுறைக்குப் புரியாது.