பிஆர் போடறதை நிறுத்துங்கப்பு!

முத்தாண்டிக்குப்பத்துல உக்காந்து என் பழைய பதிவுகளைத் தூசு தட்டிட்டிருக்கேன். பத்திக்குப் பத்தி ரெண்டு பிஆர் டேக்! "இடைவெளி தெரியுதே, போதாதா?"ன்னு கேப்பீங்க. கண்ணுக்குத் தெரியும் சாமி. ஸ்கிரீன் ரீடர்ல கேட்டுப் படிக்கிறவருக்கு? பத்தி பத்தியா தாவ முடியாம மொத்தமும் ஒரே கட்டி. இடைவெளி கூட்டிக் குறைக்க சிஎஸ்எஸ்ல ஒரு வரி போதும். ஆனா பத்தி, பி டேக்குல இருக்கணும்.

அதுக்காக கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் ரீப்ளேஸ் பண்ணிடாதீங்க! 1998-ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல திருக்குறளும் இருக்கு. குறளோட ரெண்டடிக்கும் தனித்தனி பி போட்டா, ஒரு குறள் ரெண்டு பத்தியாயிடும். கவிதை, முகவரி மாதிரி வரிமுறிவே விஷயத்தோட பகுதியா இருந்தா மட்டும் பிஆர். எச்டிஎம்எல் விதியே அதான்.

உரைநடைக்கு பி, செய்யுளுக்கு பிஆர். இதுல என்னங்க கஷ்டம்?