இன்னொரு முறை வீடு மாற வேண்டுமா?

(மூன்றாம் ஆண்டு இளநிலை இயற்பியல் மாணவி)

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். ‘வீடு மாறிப் பார்’ என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். சொந்த வீடு கட்டுகிறவர் ஒருமுறை துன்பப்படுகிறார். வாடகை வீட்டில் இருப்பவரோ வீட்டுக்காரர் நினைக்கும் போதெல்லாம் துன்பப்படுகிறார். தெருத் தெருவாக அலைந்து வீடு தேடுவது, அட்வான்சுக்குப் பணம் புரட்டுவது, ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டுமே என்று தவிப்பது, குட்டி யானை வண்டியில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி அனுப்பிவிட்டுப் பாத்திர மூட்டையோடு பின்னால் போவது, இவற்றையெல்லாம் அறியாத குடும்பம் நம் கல்லூரி மாணவர்களிடையே மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆயினும் நான் இங்கே எழுத வந்தது மனிதர் வீடு மாறுவதைப் பற்றியன்று. ஓர் அறிவியல் நிலையம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலத்தில் மூன்று முறை வீடு மாறி, நம் சவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தது. காவலூர் வானாய்வகத்தைத்தான் சொல்கிறேன். அது எப்படி இங்கு வந்தது என்பதையும், அதை நாலாவது முறையாகவும் நாம் கிளப்பிவிடக் கூடாதே என்ற என் கவலையையும் மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

எழும்பூர் முதல் கொடைக்கானல் வரை

1786-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி என்பவர் சென்னை எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். பின்னர் அதைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குப் புதுக் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, இலத்தீன் உள்ளிட்ட மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். குடியிருந்தவர் போன பிறகும் நிற்கும் வாசற்படி போன்றது அந்தத் தூண்.

அந்த வீட்டில் இருந்துதான் 1861-இல் நார்மன் போக்சன் ‘ஏசியா’ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். அங்கேயே உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். நம்மவர் ஒருவர் பெயர் அந்தக் காலத்திலேயே உலக வானியலில் ஏறியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் கடற்கரை நகரம் வானாய்வுக்கு ஏற்ற இடமாக நீடிக்கவில்லை. 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்திற்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணமும் வலுத்தது. 1899-இல் ஆய்வுக் கூடம் கொடைக்கானல் மலைக்குக் குடிபெயர்ந்தது. 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், தூய காற்று. சூரியனை ஆராய அருமையான இடம். 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். சூரிய ஆய்வு இன்றும் கொடைக்கானலில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

குறை ஒன்றே ஒன்று. பகலில் நன்றாக இருந்த அந்த வீடு இரவில் நன்றாக இல்லை. மூடுபனியும் மேகமும் வந்து இரவு வானத்தை அடிக்கடி மறைத்துக்கொண்டன.

மலை தேடிய மனிதர்

என் தாயார் ஒரு வாடகை வீட்டை மூன்று வேளை பார்க்காமல் சம்மதிக்க மாட்டார். காலையில் போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். உச்சி வெயிலில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். இரவில் போய்க் கொசுவையும் பக்கத்து வீட்டுச் சத்தத்தையும் பார்ப்பார். “வாசலில் கோலம் அழகாயிருந்தால் போதுமா? குடியிருக்கப் போவது நாம்தானே” என்பார். வீடு தேடும் கலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. முதலில் நமக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்த எம். கே. வைணு பாப்பு அதை நன்கு அறிந்தவர். 1927-இல் சென்னையில் பிறந்தவர். மாணவராக அமெரிக்காவில் இருந்தபோதே 1949-இல் ஒரு வால்மீனைக் கண்டவர்களில் ஒருவர். வாரணாசியில் இருந்த உத்தரப் பிரதேச மாநில ஆய்வகத்தை நைனிடாலுக்கு மாற்றிய அனுபவமும் அவருக்கு உண்டு. வீடு மாற்றுவதில் கைதேர்ந்தவர் என்றே சொல்லலாம்.

அவருக்கு வேண்டியது இரவு வானம். நகர வெளிச்சம் எட்டாத இடம். மேகம் குறைந்த இரவுகள் மிகுந்த இடம். தென்திசை விண்மீன்களும் தெரியும் இடம். தென்னாட்டு மலைகளில் தேடித் தேடி அவர் கண்ட இடம் சவ்வாது மலையில் ஆலங்காயத்திற்கு அப்பால் உள்ள காவலூர். அதன் உயரம் ஏறத்தாழ 725 மீட்டர்தான். கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உயரத்தில் இருப்பதெல்லாம் நல்ல வீடு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இடத்தின் பெருமை அதன் அட்சரேகையிலும் இருக்கிறது. காவலூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருப்பதால், வடவானத்தில் பெரும்பகுதியும் தென்வானத்தில் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். அகத்தியர் பெயரால் நாம் அழைக்கும் விண்மீன் இலண்டனில் இருப்பவர் கண்ணுக்கு ஒருநாளும் படாது. காவலூரிலோ அது அடிவானத்திலிருந்து இருபத்தைந்து டிகிரி வரை எழுந்து நிற்கும். மேலும் அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. அங்கே விட்ட இடத்திலிருந்து ஒரு விண்மீனை நாம் இங்கே தொடர்ந்து பார்க்கலாம்.

குறையில்லாத வீடு உலகில் இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காவலூர் வானமும் மூடிக்கொள்ளும். சனவரி தொடங்கி மே வரைதான் அதன் நல்ல காலம். கூரை ஒழுகும் மாதம் எது என்று தெரிந்தே குடிவந்தவர்கள் அவர்கள்.

வீடு கொடுத்த பலன்

1968-இல் காவலூரில் பணி தொடங்கியது. முதலில் வந்தது கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்த நேரத்தில், அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கக்கூடும் என்பதற்கான சான்று காவலூரிலும் பதிவாயிற்று. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்ட நிகழ்ச்சியையும் காவலூர்த் தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருந்தது. 1988-இல் ஆர். இராஜமோகன் இங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

பாப்புவின் பெருங்கனவு, நம் நாட்டிலேயே ஒரு பெரிய தொலைநோக்கியைச் செய்து நிறுத்துவது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட அத்தொலைநோக்கியை 1986 சனவரி 6-ஆம் நாள் அன்றைய பிரதமர் இராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அதற்கும் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது. ஆனால் அவர் 1982-லேயே மறைந்துவிட்டார். தாம் தேடிப் பிடித்துக் கட்டிய வீட்டில் பால் காய்ச்சுவதைப் பார்க்க அவர் இல்லை.

முன்னரே குடியிருந்தோர்

வானாய்வகம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்மலையில் குடியேறியவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். அவர்களைப் பற்றி வழங்கும் ஒரு கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து கடத்தப்பட்ட பெண்களை மீட்கச் சில ஆடவர் நாய்களோடு புறப்பட்டனராம். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்துவிட்டதாகக் கொள்ளுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் கடந்துவிட்டனர், நாய்கள் திரும்பிவிட்டன. வீட்டில் கருமாதியே நடந்துவிட்டது. இனிப் போக இடமில்லை என்று அவர்கள் சவ்வாது மலையிலேயே தங்கிவிட்டார்கள் என்கிறது அக்கதை. இது வரலாறா என்பதை வரலாற்றுத் துறையினர் ஆராயட்டும். திரும்பிப் போக வீடில்லாதவர்களுக்கே இருக்கும் வீட்டின் அருமை தெரியும் என்பதைக் கதை சொல்கிறது. எனக்கு அது போதும்.

அடிவானத்தில் ஒரு வெளிச்சம்

சென்ற ஆண்டு எங்கள் துறையிலிருந்து காவலூர் சென்றிருந்தோம். தலைக்கு மேலே வானம் விண்மீன்களால் நிறைந்திருந்தது. ஆனால் மேற்கிலும் வடமேற்கிலும் அடிவானம் கருமையாக இல்லை. வெளிறிய மஞ்சளாக இருந்தது. அது நிலவு அன்று. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், அவற்றினூடே ஓடும் நெடுஞ்சாலை ஆகியவை இருக்கும் திசை அது. பாப்பு தேடி ஓடிவந்த இருட்டை நாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கிக்கொண்டிருக்கிறோம்.

“அதற்கென்ன, ஆய்வகத்தை வேறு இடத்திற்கு மாற்றிக்கொள்ளட்டுமே” என்று சிலர் கூறலாம். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 2001 முதல் இயங்கி வருகிறது என்பதும், அதைச் சுற்றிய பகுதி 2022-இல் இருள் வான் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது என்பதும் உண்மையே. ஆனால் அங்கிருந்து பார்த்தால் அகத்தியர் விண்மீன் அடிவானத்தை ஒட்டியே தெரியும். தென்வானத்தை நன்கு காண நமக்குக் காவலூர் வேண்டும். அன்றியும், நம் ஊர் மாணவன் ஒருவன் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு வந்துவிடக்கூடிய வானாய்வகம் அது. லடாக்கிற்கு எத்தனை பேர் போவோம்?

இன்னொரு கேள்வி இதைவிட நியாயமானது. “விண்மீன் பார்ப்பதற்காக மலைமக்கள் இருட்டில் கிடக்க வேண்டுமா?” கூடாது. ஒருபோதும் கூடாது. மலைக் கிராமங்களுக்குத்தான் முதலில் விளக்கு வேண்டும். சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும். வானத்தை வெளுப்பது ஒரு குடிசையின் விளக்கன்று. கீழே நாம் வானத்தை நோக்கி வீணாக எறியும் வெளிச்சம்தான். அதன் விலையை மலைமக்கள் தலையில் கட்டுவது அறமாகாது.

பேருந்திலிருந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடந்து போகும் பெண்களில் நானும் ஒருத்தி. தெருவிளக்கை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மேல்மூடி இல்லாத விளக்கு பாதி ஒளியை வானத்துக்கும், மீதியில் ஒரு பங்கைக் கண்ணைக் கூசச் செய்வதற்கும் செலவிடுகிறது. மூடி போட்ட விளக்கு அதே மின்சாரத்தில் தரையை நன்றாகக் காட்டும். பள்ளமும் தெரியும், எதிரே வருபவர் முகமும் தெரியும். ஆகவே விளக்கு வேண்டாம் என்பதன்று என் கட்சி. விளக்குக்குத் தொப்பி வேண்டும் என்பதே என் கட்சி.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். நீல ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறும் என்பதைப் பகல் வானமே நமக்குக் காட்டுகிறது. ஆகவே பளீரென்ற வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை விட மஞ்சள் சாயல் கொண்டவை வானத்தைக் குறைவாகவே கெடுக்கும். கடை அடைத்த பிறகும் எரியும் விளம்பரப் பலகைகளை நள்ளிரவுக்கு மேல் அணைத்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. கோயில் திருவிழாவின் நாலு நாள் விளக்கலங்காரத்தை நான் குறை கூறவில்லை. ஆண்டின் மற்ற நாட்களைப் பற்றியே பேசுகிறேன்.

நகராட்சிகளும் பேரூராட்சிகளும் புதிய விளக்கு வாங்கும்போது இவற்றை நிபந்தனையாக வைத்தால், தனிச் செலவு பெரிதாக வராது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லும் கடமை கல்லூரிக்கு உண்டு. சொல்வதற்குச் சான்று வேண்டுமல்லவா? ஆகவே ஒரு யோசனை. ஒவ்வோர் ஆண்டும் தை மாத அமாவாசையை ஒட்டிய இரவுகளில், விடுதி மொட்டை மாடியிலிருந்து ஓரியன் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு எத்தனை விண்மீன் தெரிகிறது என்று நம் மாணவர்கள் எண்ணிப் பதிவேட்டில் எழுதட்டும். மலையிலிருந்து வரும் மாணவர்கள் தம் ஊரில் எண்ணி வரட்டும். இரண்டையும் இம்மலரிலேயே ஆண்டுதோறும் அச்சிடுவோம். கருவி வேண்டாம், காசு வேண்டாம். பத்தாண்டுப் பதிவு கையில் இருந்தால் நம் பேச்சு வெறும் பேச்சாக இராது.

எழும்பூரை விட்டால் நுங்கம்பாக்கம் இருந்தது. நுங்கம்பாக்கத்தை விட்டால் கொடைக்கானல் இருந்தது. கொடைக்கானலை விட்டால் காவலூர் இருந்தது. காவலூரை விட்டால் தென்னாட்டில் அடுத்த மலை எது என்று எனக்குத் தோன்றவில்லை. வாடகைக்கு வந்தவரை விரட்டிவிட்டுப் பிறகு நல்ல குடித்தனக்காரர் கிடைக்கவில்லையே என்று வருந்தும் வீட்டுக்காரர் போல் நாம் ஆகிவிடக் கூடாது. இந்த ஆண்டு தையிலேயே எண்ணத் தொடங்குவோம். பதிவேட்டை வாங்கி வைக்க எங்கள் துறை ஆயத்தமாக இருக்கிறது.